திராட்சைக்காரர் எழுதாத கடிதம்

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டார்: "சார், கருத்துப் பக்கம் எழுத என்ன தகுதி வேணும்?" நான் டீயை உறிஞ்சிக்கொண்டே "நல்ல செருப்பு" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். சிரிக்க வைத்துவிட்டால் பதில் சொன்ன கணக்கில் சேர்ந்துவிடும் என்பது என் இருபத்தாறு வருட அனுபவம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. அந்தக் கேள்விக்கு என்னிடம் நிஜமாகவே ஒரு பதில் இருக்கிறது. அது என்னைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லாத பதில் என்பதால் இத்தனை நாள் வெளியே எடுக்கவில்லை. இப்போது ஓய்வு பெற்றாயிற்று. ஐம்பத்தேழு வயதில் இனிக் கெடுவதற்குப் பெயர் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. எழுதிவிடுகிறேன்.

நான் ஆசிரியராக இருந்தது தேனியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வந்த ஒரு வாரப் பத்திரிகையில். அலுவலகம் பழனிசெட்டிபட்டியில், டைல்ஸ் கடைக்கு மேல் மாடி. ஆசிரியர், நிருபர், பிழை திருத்துபவர் எல்லாம் நானே. பக்கம் வடிவமைத்தவர் சாந்தி. விளம்பரம் பிடிக்க ஒருவர் இருந்தார், அவரை நாங்கள் பார்த்தது குறைவு. முதலாளி, தேனி பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்த அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற ஆறு நாளும் கடை. தன் கடை விளம்பரத்தைச் சுற்றி ஏதாவது அச்சடிக்க வேண்டுமே என்பதற்காக அவர் தொடங்கிய பத்திரிகை அது.

சுற்றி அச்சடித்தது இவ்வளவுதான்: போடி ஏலக்காய் விலை, அணையின் நீர்மட்டம், கம்பம் திராட்சை விலை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி. அரசியல் என்றால் அமைச்சர் வந்தார், மரக்கன்று நட்டார், போனார். அந்த மரக்கன்று பிறகு என்ன ஆயிற்று என்று எழுத மாட்டோம். எழுதினால் அடுத்த மரக்கன்றுக்கு அழைப்பு வராது.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒல்லாந்தரை, அதாவது டச்சுக்காரர்களை, பற்றிப் படித்துத் தொலைத்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்களுடைய ஊர்களில் பத்திரிகை நடத்த வேண்டுமானால் நகர சபையின் உரிமம் வேண்டும். அதனால் பத்திரிகைகள் கப்பல் வந்த செய்தி, சரக்கு விலை, தூர தேசத்துச் சண்டை எல்லாம் எழுதும். அடுத்த தெருவில் இருக்கும் நகர சபைக்காரரைப் பற்றி மட்டும் மூச்சு விடாது. நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு வகை வாரப் பத்திரிகைகள் கிளம்பின. செய்தியைவிட அபிப்பிராயம் அதிகம். ஆள்பவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டன. அந்த அபிப்பிராயத்தில் பெரும் பகுதி வாசகர் கடிதம் என்ற உருவில் வந்தது. கீழே உண்மைப் பெயர் இருக்காது, 'ஒரு குடிமகன்' என்பது போல ஏதாவது ஒரு வேஷம் இருக்கும். அவற்றில் எத்தனை கடிதம் வாசகர் எழுதியது, எத்தனை ஆசிரியரே உட்கார்ந்து எழுதியது என்பது இன்றுவரை யாருக்கும் முழுசாகத் தெரியாது.

இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தேனி பஜார் எனக்கு ஆம்ஸ்டர்டாம் துறைமுகமாகத் தெரிய ஆரம்பித்தது. முல்லையாற்றில் கப்பல் மட்டும்தான் குறை.

அண்ணாச்சியிடம் பேசி நாலாம் பக்கத்தை வாசகர்களுக்குத் திறந்துவிட்டேன். 'உங்கள் ஊர் நிர்வாகத்தைப் பற்றி எழுதுங்கள், பெயரை வெளியிட மாட்டோம்.' முதல் மாதம் இரண்டு கடிதம் வந்தது. ஒருவர் தன் மச்சானுக்குப் பெண் கேட்டிருந்தார். இன்னொருவர் எங்கள் ராசிபலன் பலிக்கவில்லை என்று திட்டியிருந்தார். வியாழன் மூன்று மணிக்குப் பக்கம் அச்சகத்துக்குப் போக வேண்டும். வெறும் பக்கத்தை எத்தனை நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? ஜெயமங்கலம் வாழை விவசாயி ஒருவர் என் மேஜையிலேயே பிறந்தார். அடுத்த வாரம் போடியில் மூட்டை தூக்கும் தொழிலாளி. அதற்கடுத்த வாரம் 'பெயர் சொல்ல விரும்பாத ஆசிரியை'. இந்த ஆசிரியைக்கு நல்ல வரவேற்பு. ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவர் அவரைப் பாராட்டி மூன்று பக்கம் எழுதினார். நான் அடக்கமாக நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.

பிறகு நிஜமான கடிதங்களும் வர ஆரம்பித்தன. இரண்டு வருடத்தில் பாதி அவர்கள், பாதி நான். அதிகாரிகள் நாலாம் பக்கத்தை முதலில் பிரித்துப் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கீழ்வெண்மணி முதல் கிரேக்கம் வரை படித்தவன் என்ற மிதப்பு எனக்கு ஏற்கெனவே உண்டு. இப்போது நடையிலும் தெரிந்திருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். நிஜப் பெயர் வேண்டாம், கீழப்பட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துத் தோட்டங்களுக்கு விடுவது விவசாயிகள் சங்கம். அதன் தலைவர் தன்னுடைய தென்னந்தோப்புக்கும் வேண்டியவர்கள் தோப்புக்கும் முறை மாற்றித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தார். வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைத் தோட்டங்களுக்குச் சொட்டு வரவில்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மூன்று பேர் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். நானும் போய்ப் பார்த்தேன். மேலே தென்னைக்கு அடியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. கீழே வாய்க்காலில் ஆடு படுத்திருந்தது.

விஷயம் உண்மை. சொல்ல ஆள்தான் இல்லை. மூன்று பேருமே "எம் பேரப் போட்டுறாதீக" என்றார்கள். அதனால் நாலாவதாக ஒருவரை நானே உண்டாக்கினேன்.

கடைமடையில் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை என்று அவருக்கு எழுதிக் கொடுத்தேன். போன வருடக் காற்றில் கல்தூண் சரிந்து பந்தலில் ஒரு பக்கம் படுத்துவிட்டது என்று கொஞ்சம் துயரம் சேர்த்தேன். மகள் தேனியில் நர்சிங் படிக்கிறாள் என்றும் போட்டேன். மகளைப் படிக்க வைக்கிற தகப்பன் என்றால் படிப்பவர் மனசு இளகும் என்பது என் தொழில் ஞானம். ஒன்பது நாளாகத் தண்ணீர் இல்லை என்றேன். முடிவில், 'தலைவருக்குத் தென்னை காய்க்கிறது, எனக்குக் கண் காய்கிறது' என்று ஒரு வரி. அந்த வரியை எழுதிவிட்டு நானே ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பெண் மாடி ஏறி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் நாலாய் மடித்த எங்கள் பத்திரிகை.

"நீங்கதானே எடிட்டரு?"

"ஆமாம்மா, உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. "எம் பேரு பவுன்தாயி. கீழப்பட்டி. இந்த லெட்டரு எங்க வீட்டுக்காரரு எழுதுனதுன்னு சொல்றாக."

"யாரு சொல்றாக?"

"ஊரே சொல்லுது. கடைமடையில மூணு ஏக்கரு எங்களுக்கு. போன வருசம் பந்தல் சாஞ்சது எங்களுக்கு. எம் மக நர்சிங் படிக்குது, இதே தேனியிலதான். வேற யாரு வீட்ல சார் இந்த மூணும் இருக்கு?"

நான் கற்பனையில் செய்த ஆளைக் கீழப்பட்டிக்காரர்கள் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் பெயர் முருகேசன். வாட்சப்பில் என் கடிதம் சுற்றியிருக்கிறது. 'நர்சிங்' என்ற சொல்லைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

"அவரு எழுதலையாம்மா?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன். அந்த நேரத்தில் வாய் தன் எஜமானைக் காப்பாற்றத்தான் பார்க்கும்.

"அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார். அதச் சொன்னா, அப்ப மக எழுதிக் குடுத்துருக்காங்கிறாக. புள்ள போட்டோவப் போட்டு 'கலெக்டரம்மா'ன்னு கேலி. அது ஆஸ்டல்ல உக்காந்து அழுகுது."

"தண்ணி?"

"அதான் சார் வேடிக்க. உங்க பேப்பரு வந்த மறுநா கடைமடைக்குத் தண்ணியத் தொறந்துட்டாக. எல்லாருக்கும் பாயுது. எங்க மடையில மட்டும் மண்ணப் போட்டு அடச்சிருக்காக."

என் கருத்துப் பக்கத்தின் முதல் பெரிய வெற்றி இது என்பதைக் கவனியுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் போய்விட்டது. அதற்கான செலவை இந்தப் பெண்ணின் தோட்டத்துக் கணக்கில் எழுதியிருந்தார்கள்.

"பிஞ்சு திரளுற நேரம்," என்றார். "போர்லயும் தண்ணி இல்ல. இன்னும் ரெண்டு மூணு நா போச்சுன்னா கொத்தோட சுருங்கிரும். நாளைக்குப் பத்து மணிக்குச் சங்கத்துல கூட்டம் போட்டுருக்காக. எழுதுனது பொய்யின்னு சொல்லி மன்னிப்புக் கேக்கணுமாம். கேட்டா மடையத் தொறப்பாகளாம்."

"அவரு கேப்பாரா?"

"எழுதாததுக்கு எதுக்கு மன்னிப்புங்கிறாரு. வீம்பு புடிச்ச மனுசன். நீங்க ஒரு தாள்ல, 'இத முருகேசன் எழுதல'ன்னு எழுதிச் சீல் வச்சுக் குடுங்க. அது போதும்."

அவர் முன்னாலேயே தலைவருக்குப் போன் செய்தேன். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது. தலைவர் மிக மரியாதையாகப் பேசினார்.

"சொல்லுங்க எடிட்டர் சார். முருகேசன் எழுதலையா? ரொம்பச் சந்தோசம். அப்ப யாரு எழுதுனது?"

"பேரைச் சொல்ல முடியாதுங்க. பத்திரிகை தர்மம் இருக்கு."

"தர்மம் இருக்கட்டும் சார். பேர மறச்சுக்கிட்டு லெட்டர மட்டும் காமிங்க. எழுத்தப் பாத்தா முருகேசன் மகளா இல்லையான்னு எங்களுக்குத் தெரிஞ்சுரும். நாளைக்குக் குடுத்து விடுங்க, மடையத் தொறந்துருவோம்."

போனை வைத்தேன். பவுன்தாயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "லெட்டரு இருக்குல்ல சார்?" என்றார்.

"பாத்து எடுக்கணும்மா," என்றேன்.

அவர் இரண்டேகால் கம்பம் பஸ்ஸுக்குக் கிளம்பினார். நான் அண்ணாச்சி கடைக்குக் கிளம்பினேன்.

அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப இதுவரைக்கும் வந்த லெட்டரெல்லாம்?"

"பாதிதான் அண்ணாச்சி."

"எந்தப் பாதி?"

"நல்லா இருக்கிற பாதி."

"அந்த டீச்சரம்மா?"

"நான்தான்."

"அடப்பாவி. அவுக எழுதுனத எங்க வீட்டுல வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருக்கா தம்பி."

நான் ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்தேன். இது பழைய வழக்கம், அச்சுக் கலை வளர்ந்த ஊரிலேயே இப்படித்தான், ஆள்பவரைக் கேள்வி கேட்க வேறு வழியில்லாத காலத்தில் வேஷம் போட்டுத்தான் எழுதினார்கள் என்று ஐந்து நிமிடம் பேசினேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார்.

"சரி. அந்த ஊர்ல அதுக்காக எவன் மடையையும் அடைக்கலையாக்கும்?"

அதைப் பற்றி நான் படிக்கவில்லை.

"நீங்க ஒத்துக்கிட்டா நாலாம் பக்கம் போச்சு," என்றார். "நாலாம் பக்கம் போனா பேப்பர் போச்சு. தண்ணி விசயமும் பொய்யின்னு ஆயிரும், அந்தத் தலைவரு கெலிச்சிருவாரு. ஒத்துக்காட்டி அந்த முருகேசன் போச்சு. நான் ஆணி விக்கிறவன் தம்பி. இதுக்கு எங்கிட்ட அளவு இல்ல."

நாலு மணிக்கு அலுவலகம் திரும்பினேன். வழியிலேயே ஒரு யோசனை உதித்திருந்தது. மிக மோசமான யோசனைகள் எனக்கு எப்போதும் நடக்கும்போதுதான் வரும். தலைவர் கேட்பது ஒரு கடிதம். கடிதம் எழுதுவதுதானே என் வேலை? கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். பேனாவை இடது கையில் பிடித்தேன். கதை தயாராக இருந்தது: எழுதியவர் கீழப்பட்டிக்காரரே இல்லை, பக்கத்து ஊர்க்காரர், தெரிந்தவருக்காகக் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறார். தாளைக் கசக்கி, டீ சொட்டு ஒன்று விட்டால் ஐந்து நாள் பழையதாகிவிடும்.

பத்து வரி எழுதியிருப்பேன். சாந்தி தன் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக வாழை விவசாயியையும் ஆசிரியையையும் என் கையெழுத்தைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்தவர். ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"சார்."

"ம்."

"எந்த ஊருன்னு போடப் போறீக?"

"அதான் யோசிக்கிறேன்."

"அங்கனயும் ஒருத்தரு இருப்பாருல்ல சார்?"

அவ்வளவுதான் சொன்னார். திரும்பி வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நான் வலது கையால் அந்தத் தாளைக் கிழித்தேன்.

மறுநாள் காலை கம்பம் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தேன். பத்திரிகை வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. கூட்டம் பத்து மணிக்கு. அச்சில் சொல்லித் தப்பிக்க வழியில்லை, வாயால்தான் சொல்ல வேண்டும். நான் இருபது வருடமாக எழுதிச் சம்பாதித்தவன். நாற்பது பேருக்கு முன்னால் நின்று பேசியது என் கல்யாணத்தில்கூட இல்லை.

சங்கத்துக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். தலைவர் எழுந்து வந்து கும்பிட்டார். "எடிட்டர் சாருக்குச் சேர் போடுங்கப்பா." வாசல் பக்கம் சுவரில் சாய்ந்து ஒல்லியாக ஒருவர் நின்றார். அவருக்குப் பின்னால் பெண்களோடு பவுன்தாயி நின்றதை வைத்து அவர்தான் முருகேசன் என்று தெரிந்தது. நான் மூன்று ஏக்கர் கொடுத்து, பந்தலைச் சாய்த்து, மகளைப் படிக்க வைத்த மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

டீக்கடையில் பேசிய மூன்று பேரும் வந்திருந்தார்கள். மூவருக்கும் அன்று என்னைத் தெரியவில்லை.

"லெட்டரு கொண்டாந்தீகளா சார்?" என்றார் தலைவர்.

"லெட்டரே கிடையாதுங்க," என்றேன். "அதை எழுதுனது நான்."

முன் வரிசையில் ஒரு பெரியவர், "அப்ப அந்த மூணு ஏக்கரு?" என்றார்.

"எனக்கு ஒரு சென்ட்டுகூட இல்லைங்க."

"நர்சிங் படிக்கிற மக?"

"எனக்கு ஒரே பையன். இன்ஜினியரிங் முடிச்சிட்டு வீட்ல இருக்கான்."

சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் வேகமாகக் கணக்குப் போடுவது தெரிந்தது.

"அப்ப எல்லாம் பொய்யி."

"ஆளு பொய்யி. விஷயம் பொய்யில்லை. நானே வந்து வாய்க்காலைப் பாத்தேன்."

"எனக்குக் கண்ணு காய்தின்னு எழுதியிருக்கீக. இல்லாத ஆளுக்குக் கண்ணு எங்கிட்டு சார் காயிம்?"

கூடமே குலுங்கியது. உண்மையைச் சொன்னால், நல்ல அடி. என் பத்திரிகையில் வந்த எந்த வரியையும்விட நன்றாக இருந்தது. எனக்கே சிரிப்பு வந்து, அதை விழுங்கினேன். அண்ணாச்சி சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. நான் அங்கே நின்று என் வாயாலேயே அந்தத் தண்ணீரைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தேன்.

"கேட்டுக்கிட்டீகள்ல?" என்று தலைவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "பேப்பர்ல வந்தது பூராம் இவுக கற்பன. முருகேசா, ஓம் மேல தப்பில்லப்பா. இந்தா, மடையத் தொறக்கச் சொல்றேன்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எண்ணைத் தேடினார். தேடிவிட்டு, பொத்தானை அழுத்தாமல் நிமிர்ந்தார். "நீயும் ஒரு வார்த்த சொல்லிருப்பா. கடைமடைக்கு முறை ஒழுங்கா வந்துச்சுன்னு. சாரு எழுதிக்கிட்டுப் போய் இந்த வாரமே போடட்டும்."

எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து பவுன்தாயியின் குரல் மெதுவாக வந்தது. "சொல்லிருங்க."

முருகேசன் சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

"நான் எழுதல."

"அதான் தெரிஞ்சு போச்சேப்பா."

"எழுதுனவுக ஒம்போது நாளுன்னு போட்டுருக்காக. அது தப்பு."

தலைவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "பாத்தீகளா சார்?"

"பதிமூணு நாளு," என்றார் முருகேசன். "ரெண்டு முறை விட்டுப் போச்சு. எம் பேரு போட்டே எழுதிக்கிறட்டும்."

தலைவர் கையிலிருந்த போனில் வெளிச்சம் அணைந்தது. டீக்கடை ஆட்களில் இருவர் ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மூன்றாமவர் உட்கார்ந்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, "பதிமூணுதேன்," என்றார். தலைவர் போனைப் பையில் போட்டார். "சரி, கூட்டம் முடிஞ்சது," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். யாருக்கும் போன் செய்யவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மடை மறுநாள் காலையில் திறந்து கிடந்தது. தலைவர் ஆள் விட்டுத் திறந்தாரா, கடைமடைக்காரர்கள் மண்வெட்டியோடு போனார்களா என்று இன்றுவரை அந்த ஊரில் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். அதற்குள் ஒரு பக்கத்துக் கொத்து சுருங்கிவிட்டது. அதற்குப் பொறுப்பு நான்தான். எந்தப் பக்கத்தில் என்ன எழுதினாலும் அது திரண்டு வராது. வெள்ளிக்கிழமை நாலாம் பக்கத்தில் என் வேஷங்கள் அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தாசில்தார் சந்தாவை நிறுத்தினார். அண்ணாச்சி என்னை நிறுத்தவில்லை. ஆனால் அவர் வீட்டில் எனக்குக் காப்பி கிடைப்பது நின்றது. கடிதங்கள் ஐந்து வாரம் வரவில்லை. ஆறாவது வாரம் ஒன்று வந்தது, பெயரோடு. அதற்குப் பிறகு நாலாம் பக்கம் பல வாரங்களில் கால் பக்கமாகத்தான் இருந்தது. மீதியில் இரும்புக் கடை விளம்பரம் போட்டோம்.

இவ்வளவையும் உங்களுக்கு நான் எழுதுவது கூட்டத்துக்காக அல்ல. கூட்டம் முடிந்த பிறகு நடந்த ஒன்றுக்காக.

பஸ் நிறுத்தத்தில் முருகேசனும் பவுன்தாயியும் நின்றார்கள். பவுன்தாயி கொதித்துக்கொண்டிருந்தார். "ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்நேரம் தண்ணி பாஞ்சிருக்கும். பேப்பர்ல வந்த ஆளு பொழைக்கத் தெரிஞ்ச ஆளு சார். பேரு சொல்லல பாருங்க." நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். முருகேசன் அதைக் கையால் ஒதுக்கிவிட்டு, "எழுதிக்கங்க," என்றார்.

நோட்டை எடுத்து எழுதினேன். முடித்ததும், "வாசிங்க," என்றார்.

வாசித்தேன்: "'பதின்மூன்று நாள் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. இரண்டு முறை தவறிவிட்டது. வாடி நிற்கும் கொடிகளைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது.'"

"கடைசில உள்ளத நான் சொல்லலையே."

"இல்லைங்க, படிக்கிறவங்களுக்கு மனசுல பதியணும்னு..."

"கொடி வாடல சார். பிஞ்சுதான் சுருங்குது. கொடி வாடுச்சுன்னு போட்டா, நாளைக்கு அவுக நாலு பேரக் கூட்டியாந்து பச்சக் கொடியக் காமிச்சு, பாரு பொய்யின்னுவாக."

அடித்தேன். என் வேஷம் வெளியான அரை மணி நேரத்தில், கொஞ்சமும் கூசாமல், அந்த மனிதருக்கு இன்னொரு முறை அதையே செய்யப் பார்த்திருக்கிறேன். அதுவும் அவர் கண் முன்னாலேயே.

"இப்ப வாசிங்க."

வாசித்தேன். இரண்டு வாக்கியம். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. பவுன்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டு தோட்டத்தின் பக்கம் பார்த்தார்.

"இப்பச் சரி," என்றார் முருகேசன். "இதுக்கு நான் பதில் சொல்லிக்கிருவேன்."